யாழ்ப்பாணத்தில் மூன்று நாள், அம்மாவோடு: எதை வைப்பது, எதை வெட்டுவது?

வெள்ளவத்தை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை இரண்டாம் கிழமை கொழும்பிலிருந்து ரயிலில் யாழ்ப்பாணம் வருகிறோம். நானும் கணவரும், 13 வயது மகன், 9 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நடப்பார், ஆனால் படியைக் கண்டால் முகம் மாறிவிடும். முழுதாக மூன்று நாள் கையில் இருக்கிறது. வேன் ஒன்று பேசியிருக்கிறோம்.

வேன்காரர் போட்டுத் தந்த திட்டம் இது. முதல் நாள் கோட்டை, நூலகம், நல்லூர், நிலாவரை, கீரிமலை, கசூரினா. இரண்டாம் நாள் நயினாதீவும் நெடுந்தீவும். மூன்றாம் நாள் கந்தரோடை, செல்வச்சந்நிதி, பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு. வாசிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. நான் கடைசியாக வந்தது 2004இல், அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு. ஒன்றும் பார்க்கவில்லை. எதை வெட்டலாம் சொல்லுங்கள்.

பண்ணைவெளியான்:
தங்கச்சி, இது சுற்றுலாத் திட்டம் இல்லை, தபால்காரனின் பாதை. வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரியும். ஆனால் தீவுப்பக்கம் போவதென்றால் பண்ணைத் தாம்போதியால் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) போய் அதாலேயேதான் திரும்ப வேண்டும். வலிகாமம் வடக்கே, வடமராட்சி கிழக்கே. ஒரு நாளில் இரண்டு திசையைக் கலந்தால் ஒவ்வொரு முறையும் பட்டினத்துக்குள் வந்து ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நின்றுவிட்டுத்தான் மற்றப் பக்கம் திரும்பலாம். ஒரு நாளுக்கு ஒரு திசை. அதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தீவுநாளை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அது உங்கள் கையில் இல்லை, படகின் கையில் இருக்கிறது. விடியக் காலையிலேயே வெளிக்கிடுங்கள். பண்ணைத் தாம்போதி தாண்டி வேலணை, பிறகு கடலுக்கு நடுவே நீட்டுக்குப் போகும் வாணர் தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் படகுத்துறை. வேனில் ஒரு மணித்தியாலம் வரும். (வேன் இல்லாதவர்களுக்கு: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ்.) அங்கிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணித்தியாலம். இரண்டையும் ஒரே நாளில் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை, இரண்டு துறையைத்தான் பார்த்தார்கள்.

அப்புறம் ஜூலை என்றால் சோளகம். விடியலில் கடல் தட்டு மாதிரி இருக்கும், பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறும். திரும்பி வரும்போது படகுக்குள் தண்ணீர் தெறிக்கும். பிள்ளைகளுக்குப் பம்பல், அம்மாவுக்கு இல்லை.

பெருக்குமரம்:
நயினாதீவை விடுங்கள், நெடுந்தீவுக்குப் போங்கள் என்று சொல்ல வந்தேன். கோயிலை எங்கேயும் கும்பிடலாம். நெடுந்தீவு மாதிரி ஓரிடம் இலங்கையில் வேறு இல்லை. வேலி முழுக்க முருகைக்கல் (பவளப்பாறைக் கல்). சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது, கல்லுக்கு மேல் கல் அடுக்கி விட்டிருக்கிறார்கள், வருசக் கணக்காய் நிற்கிறது. கட்டாக்காலிக் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வம்சம். பெருக்குமரத்தின் அடியில் ஒரு பொந்து இருக்கிறது, உள்ளே ஆள் நுழைந்து நிற்கலாம். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த கோட்டை, வெடியரசன் கோட்டை. உங்கள் மகன் வாழ்நாளில் மறக்கமாட்டான்.

பண்ணைவெளியான்:
ஜூலையில் அந்தக் குதிரைகளை எப்போதாவது பார்த்தீர்களா? தரவை (புல்வெளி) காய்ந்து, தண்ணீருக்கு அலைந்து, விலா எலும்பு எண்ணலாம். அந்த வெயிலில் நிழலே இல்லாத தீவில் முழங்கால் வருத்தக்காரரை ஏற்றி இறக்கச் சொல்கிறீர்கள். மாசி, பங்குனியில் போகச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.

பெருக்குமரம்:
சரி, முழங்கால் விசயத்தை நான் வாசிக்கவில்லை. அது பிழைதான். ஆனால் நெடுந்தீவைத் தனிநாளாக, இளம் ஆக்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். நாங்கள் ஒருமுறை ஒரு சுற்றுலாக்காரரை நம்பிப் போனோம், பெயர் வேண்டாம். பின்னேரப் படகு நேரத்தை அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். துறைக்கு வந்தால் படகு ஏற்கெனவே நடுக்கடலில். இரவு ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். புட்டும் மீன் சொதியும் தந்தார்கள், காசு வாங்கவில்லை. கேட்டால் நல்ல கதை, ஆனால் அந்த நேரம் என் மனைவி என்னோடு கதைக்கவில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே துறையில் நிற்கும் படகுக்காரரிடம் கேளுங்கள். இடையில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஓடக்கரைத் தம்பி:
வேன்காரர் மூன்றாம் நாளில் கந்தரோடையைக் கொண்டுவந்து வடமராட்சியோடு ஒட்டியிருக்கிறார். அது சுன்னாகம் பக்கம். அவருக்கு யாராவது வரைபடம் வாங்கிக் கொடுங்கள்.

வடமராட்சியை நான் சொல்கிறேன், பிறந்து வளர்ந்த இடம். பருத்தித்துறையில் எல்லோரும் வடக்கு முனையில் நின்று படம் எடுப்பார்கள், எடுங்கள். ஆனால் தும்பளை வீதியில் தெருமூடி மடத்தைத் தவறவிடாதீர்கள். கல்லால் கட்டிய மடம், வீதிக்கு மேலே கூரை போட்டு வீதியையே மூடியிருக்கிறது. வாகனம் அதற்குக் கீழேதான் போகும். அந்தக் காலத்தில் நடந்து வருகிறவர்களும் சுமை தூக்கி வருகிறவர்களும் இருந்து இளைப்பாறிய இடம். இப்போதும் உச்சி வெயிலில் உள்ளே போய் நின்றால் கல் குளிரும். அம்மாவை அங்கே பத்து நிமிடம் இருத்திவிட்டு நீங்கள் வடை வாங்கப் போகலாம்.

வடை என்றால் பருத்தித்துறை வடை. உங்கள் வெள்ளவத்தை உழுந்துவடையை நினைக்காதீர்கள். இது தட்டை. ஊறின உழுந்து, மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை போட்டு உள்ளங்கையில் மெல்லிசாகத் தட்டி, எண்ணெயில் போட்டால் மொறுமொறு என்று வரும். கடிக்கும்போது சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அது பழசு. கிழமைக் கணக்காய் வைத்துச் சாப்பிடலாம், அதனால்தான் கனடா, லண்டன் எல்லாம் போகிறது.

வல்வெட்டித்துறையால் வந்தால் பிள்ளைகளுக்கு அன்னபூரணி கதையைச் சொல்லுங்கள். 1930இல் அங்கே கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றினார். நம்மூர்த் தண்டயலும் (கப்பல் தலைவர்) மாலுமிகளும் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் மாசச்சூசெட்ஸ் கரையில் குளோஸ்ரரில் போய் இறங்கினார்கள். பட்டத் திருவிழா தைப்பொங்கலுக்குத்தான், ஜூலையில் கேட்க வேண்டாம்.

மணற்காட்டில் மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயில் இருக்கிறது. சுவர் மட்டும் வெளியே தெரியும். ஆனால் மணலில் நடக்க வேண்டும். அம்மா வேனில் இருக்கட்டும்.

கோட்டைவாசல்:
ஒருவரும் கோட்டையைப் பற்றிக் கதைக்கவில்லையே?

ஓடக்கரைத் தம்பி:
கோட்டையில் என்ன இருக்கிறது அண்ணை? வெயிலும் கல்லும்.

கோட்டைவாசல்:
மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனால் வெயிலும் கல்லும்தான். பின்னேரம் நாலரைக்குப் போ. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த பிறகு போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை அது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகை போட்டுப் பிடித்து, நாலு மூலையாக இருந்ததை ஐந்து மூலையாக்கினார்கள். 1795இல் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் யுத்தத்தில் தரைமட்டம். இதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும், வாசிக்கலாம்.

பலகையில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். வாசல் சுரங்கத்துக்குள் போகும்போது சுவருக்குக் கிட்டப் போய், கண்ணை ஒட்ட வைத்துப் பாருங்கள். முருகைக்கல்லில் பூப்பூவாய், மூளை மடிப்பு மாதிரி கோடு கோடாய்த் தெரியும். அவ்வளவும் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது. இடைக்கிடை சிப்பி கூட அகப்படும். என் மகள் ஏழு வயதில் அதில் விரலை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். பீரங்கியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு கொத்தளத்தில் ஏறிப் பண்ணைப் பக்கம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், பொழுது கடலேரிக்குள் விழும். கொத்தளத்துக்கு ஏற்றம் உண்டு. அம்மாவைக் கையைப் பிடித்து மெல்லக் கூட்டிப்போனால் சரி, இல்லாவிட்டால் அகழிக்கு வெளியே பண்ணைக் கரையில் இருக்கலாம். அங்கேயும் இதே சூரியன்தான்.

நூலகம் நடந்து போகும் தூரம். 1959இல் திறந்தது. 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது சாம்பல். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. இப்போது வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. பிள்ளைகளை உள்ளே வாசிப்பு மேசையில் படிக்கிற பொடியளைப் பார்க்க வையுங்கள். முன்னால் நின்று விதம்விதமாகப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னமும் ஒரு மாதிரித்தான்.

தாவடிக் கிழவி:
பிள்ளை, நல்லூரில் ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்ற வேண்டும். 13 வயதுப் பொடியனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. வாசலில் நின்று அழுது அடம்பிடிச்ச பேரனை நான் கண்டிருக்கிறன். திருவிழா தொடங்கினால் இருபத்தைந்து நாளும் அந்தப் பக்கம் வாகனம் விடமாட்டார்கள், நீங்கள் அதுக்கு முன்னம் வாறது நல்லது. கும்பிட்டு முடிஞ்சால் பக்கத்தில் ரியோவில் ஐஸ்கிறீம் வாங்கிக் குடுங்கோ, பொடியன் சட்டை கழற்றினதை மறந்துவிடுவான்.

கீரிமலைக்குப் போனால் கடலும் கேணியும் ஒரு சுவர் தூரம். இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் நல்ல தண்ணீர். பெண்களுக்குத் தனிக்கேணி மறைப்போடு இருக்கு. அம்மா காலை நனைக்கட்டும். ஆடி அமாவாசை எப்போது என்று கலண்டரில் பாருங்கோ. அன்றைக்கு மட்டும் போக வேண்டாம், தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய வந்த சனம் நிலம் தெரியாமல் நிற்கும்.

பண்ணைவெளியான்:
தாவடி அம்மா சொன்னதோடு சேர்த்து: கீரிமலைக்கு முன் மாவிட்டபுரம், திரும்பும் வழியில் கந்தரோடை, பிறகு நிலாவரை. இதுதான் வடக்கு நாள். கந்தரோடையில் பனந்தோப்புக்கு நடுவே சின்னச் சின்னத் தூபிகள், சிலது ஆள் உயரம் கூட இல்லை. வரலாற்றாசிரியர் பி. ஈ. பீரிஸ் 1917 அளவில் தோண்டத் தொடங்கிய இடம். கால் மணி போதும். நிலாவரை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கு "இதுக்கா வந்தோம்" என்று வரும். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. சுண்ணக்கல்லின் கூரை இடிந்து விழுந்து உண்டான குழி அது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லாமல் நாங்கள் எப்படித் தோட்டம் செய்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் காட்ட வேண்டிய இடம் இதுதான். மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும்.

வெள்ளவத்தை மகள்:
எல்லோருக்கும் நன்றி. நெடுந்தீவை வெட்டிவிட்டேன் (பெருக்குமரம் அண்ணா மன்னிக்க வேண்டும்). இரவு அம்மாவிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உதெல்லாம் நீங்கள் பாருங்கோ, என்னைப் பாதையில் ஒருக்கால் ஏற்றிவிட்டால் போதும்" என்றார். அம்மாவுக்குச் சொந்த ஊர் ஊர்காவற்துறை. 90இல் வெளிக்கிட்டவர், அதற்குப் பிறகு போகவில்லை. அங்கே வீடு கூட இல்லை. பாதை என்றால் என்ன என்று என் கணவருக்கு விளங்கவில்லை, அவர் ரோட்டு என்று நினைத்துவிட்டார்.

பண்ணைவெளியான்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம்!

மாப்பிள்ளைக்கு: பாதை என்பது மிதவை. தட்டையான இரும்புத் தளம், ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றி இறக்கும். காசு இல்லை. சில நிமிடத்தில் அக்கரை. தரைவழியால் அந்த இடத்துக்குப் போவதென்றால் பண்ணைக்குத் திரும்பி, பட்டினம் வந்து, வட்டுக்கோட்டை, பொன்னாலைத் தாம்போதி என்று சுற்ற வேண்டும். கண்ணுக்கு முன்னால் தெரியும் கரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஓடுவது.

அதனால் தீவுநாளை இப்படி வையுங்கள். காலையில் நயினாதீவு. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அப்படியே நடந்து நாகவிகாரையையும் பார்த்து, மத்தியானம் கோயில் அன்னதானம். கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, முதலாம் பராக்கிரமபாகு காலத்தது, தமிழில் எழுதியது. பிறதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் அரசனுக்கு நாலில் ஒரு பங்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. அந்த ஊராத்துறைதான் உங்கள் அம்மாவின் ஊர். பிறகு போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் துறைக்குச் சொல்லும் சொல்லை வைத்தார்கள், அதுதான் கைட்ஸ் ஆனது. எண்ணூறு வருசத்துக்கு மேலாக எல்லோரும் அதைத் துறை என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

குறிகட்டுவானால் திரும்பி வேலணைக்கு வந்து ஊர்காவற்துறைக்குத் திருப்புங்கள். வேனைத் துறையில் விட்டுவிட்டுக் காலால் ஏறுங்கள், அடுத்த பாதையிலேயே திரும்புங்கள். நடுவில் வரும்போது கடலுக்குள் தனியே ஒரு கோட்டை தெரியும், ஹம்மன்ஹீல். இலங்கை பன்றித்தொடை மாதிரி இருக்கிறது, இது அதன் குதி என்று ஒல்லாந்தர் வைத்த பெயர். சாப்பாட்டு நினைப்பிலேயே வரைபடம் கீறியிருக்கிறார்கள். இப்போது கடற்படையின் விடுதி.

ஒன்றைக் கவனியுங்கள். பாதை அடிக்கடி பழுதாகும். அதனால் தீவுநாளை முதல் நாளே வையுங்கள், மறுபடி முயற்சி செய்ய நாள் இருக்கும்.

தீவுக்கூழ்:
சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதாதது ஆச்சரியம். கூழ் குடிக்காமல் கொழும்புக்குத் திரும்ப வேண்டாம். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பிலாக்கொட்டை. பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிக்க வேண்டும், கோப்பையில் குடித்தால் அது சூப். ஜூலையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும், திருநெல்வேலிச் சந்தைக்கு விடியவே போங்கள்.

தாவடிக் கிழவி:
நயினாதீவுக்குப் போகிற அன்றைக்குக் கூழ் குடிச்சுப்போட்டுப் போகாதேங்கோ. நான் சொல்லிப்போட்டன்.

வெள்ளவத்தை மகள்:
வந்துவிட்டோம், நேற்று இரவுதான். சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் நயினாதீவு நன்றாகப் போனது. எட்டு மணிப் படகு, கடல் அசையவில்லை. திரும்பும்போது சோளகம் தன் வேலையைக் காட்டியது, மகள் முழுக்க நனைந்து சிரித்துக்கொண்டே வந்தாள். படகில் ஏற இறங்க அம்மாவை இரண்டு பொடியன்கள் ஒரு பக்கமாகத் தூக்கியே விட்டார்கள். ஊர்காவற்துறைக்குப் போனால், பாதை பழுது. தளம் கரையில் கட்டிக் கிடந்தது, இரண்டு பேர் இயந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு தானே போய் வேனில் ஏறிவிட்டார்.

இரண்டாம் நாள் கீரிமலையும் கந்தரோடையும் கோட்டையும். நிலாவரைக்கு நேரம் போதவில்லை. கோட்டைச் சுவரில் என் மகளும் விரலை விட்டாள், கோட்டைவாசல் அண்ணா! மகன் நல்லூரில் சட்டை கழற்ற மாட்டேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டான். ஐஸ்கிறீமுக்கு மட்டும் வந்தான்.

மூன்றாம் நாள் வடமராட்சி என்று இருந்தது. காலையில் விடுதியில் ஒருவர், பாதை ஓடத் தொடங்கிவிட்டது என்றார். வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் வெட்டினோம். பருத்தித்துறைக்கு மட்டும் விடிய ஓடிப்போய், தெருமூடி மடத்தில் அம்மாவை இருத்தி, வடை வாங்கிக்கொண்டு நேரே ஊர்காவற்துறை.

பாதையில் இருக்கை இல்லை. ஒரு மோட்டார்சைக்கிள்காரர் தன் வண்டியைச் சரித்து நிறுத்தி, அம்மாவை அதில் சாய்ந்து நிற்கச் சொன்னார். அக்கரை போய், இறங்காமல், திரும்பி வந்தோம். அம்மா இன்னொருக்கால் போவோமா என்றார். போனோம். மூன்றாம் முறை ஏறும்போது பாதைக்காரர் சிரித்துவிட்டு, "அம்மா, ஏதும் தொலைச்சிட்டியளோ?" என்று கேட்டார். அம்மா, "இல்லையப்பு, முந்தி இது கயிற்றிலை இழுக்கிறது, இப்ப மிசினோ?" என்றார். பிறகு இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், அவருடைய பெரியம்மாவும் என் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடம். ரயிலை விடப்போகிறோம் என்று கணவர் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டே நின்றார்.

ஓடக்கரைத் தம்பி:
வடை கொழும்பு வரைக்கும் வந்து சேர்ந்ததா?

வெள்ளவத்தை மகள்:
வவுனியாவிலேயே முடிந்துவிட்டது. அனுப்பி வைக்கிற ஆட்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

பெருக்குமரம்:
மாசியில் நெடுந்தீவுக்கு வருவதென்றால் எழுதுங்கள். கடைசிப் படகு நேரத்தை நானே துறையில் நின்று கேட்டுச் சொல்கிறேன்.